கன்சோலில் கோப்பைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் பின்சாய்கோடு வருவது ஏன்?

2025 ஜூன் 14, காலை 9.10 – கேள்வி (கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, பத்தாம் வகுப்பு மாணவி)

அப்பா சங்கத்தில் ஊற்றும் பாலின் அளவை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் நாள்தோறும் எழுதி வைக்கிறேன். முதல் வரி 'பால் கணக்கு'. பள்ளிக் கணினியில் பைத்தான் கன்சோலில் ஓப்பன் போட்டு ரீட் கொடுத்தால் எல்லாம் ஒரே வரியாக, மேற்கோள் குறிக்குள், நடுநடுவே பின்சாய்கோடும் 'என்' எழுத்துமாக வருகிறது. விடுமுறையில் பொள்ளாச்சியில் அத்தை வீட்டு மடிக்கணினியில் அதே கோப்பைத் திறந்தபோது அதுகூட வரவில்லை. யூனிகோட் டிகோட் எரர் என்று சொல்லி, 11-ஆம் இடத்தில் 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்றது. மாநில எல்லையில் கோபாலபுரம் தாண்டியதும் கோப்பு கெட்டுவிட்டதா, சார்?

2025 ஜூன் 14, காலை 11.40

கோப்பு கெடவில்லை அம்மா. இரண்டு கணினியிலும் இருப்பது ஒரே கோப்புதான். உன்னிடம் இருப்பவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கேள்விகள். முதலாவது, கன்சோல் ஒரு சரத்தை (எழுத்துகளின் தொடரை) எப்படிக் காட்டுகிறது என்பது. இரண்டாவது, கோப்பில் உள்ள பைட்டுகளை எந்த என்கோடிங்கில் (எந்தப் பைட் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை) படிக்க வேண்டும் என்பதைப் பைத்தானுக்கு யார் சொல்வது என்பது.

முதலாவதை இப்போதே முடித்துவிடலாம். ரீட் கொடுத்த வரியைப் பிரிண்ட் அடைப்புக்குள் போடு:

பிரிண்ட்(ஓப்பன்('பால்.டிஎக்ஸ்டி', என்கோடிங்='யூடிஎஃப்-8').ரீட்())

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்; தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். இரண்டாவது கேள்விக்கான விடையும் இதே வரியில் 'என்கோடிங்' என்ற சொல்லில் இருக்கிறது; மாலையில் எழுதுகிறேன்.

2025 ஜூன் 14, இரவு 8.25

முதலில், பிரிண்ட் போட்டால் ஏன் மாறுகிறது என்பது. கன்சோலில் ஒரு கோவையை, அதாவது மதிப்புத் தரும் ஒரு நிரல் துண்டைத் தட்டி என்டர் அழுத்தினால், அதன் மதிப்பை ரெப்ர் என்ற சார்பு வழியாகப் பைத்தான் காட்டுகிறது. ரெப்ர் நிரல் எழுதுபவருக்கானது: சரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மேற்கோள் குறியிட்டுக் காட்டும், கண்ணுக்குத் தெரியாத வரிமுறிவைப் பின்சாய்கோடும் 'என்' எழுத்துமாக, டேபைப் பின்சாய்கோடும் 'டி' எழுத்துமாக எழுதிக் காட்டும். பிரிண்ட் படிப்பவருக்கானது: வரிமுறிவு வந்தால் வரியை முறிக்கும். சரம் இரண்டிலும் ஒன்றே.

இனிப் பொள்ளாச்சி மடிக்கணினி. என்கோடிங் என்னவென்று நாம் சொல்லாவிட்டால், இயங்குதளத்தின் வழக்கமான என்கோடிங்கைப் பைத்தான் எடுத்துக்கொள்கிறது. கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனம் வழங்கும் உபுண்டு வழிவந்த லினக்ஸில் அது யூடிஎஃப்-8, அதாவது எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக்கும் யூனிகோட் முறை. ஆகவே எதுவும் சொல்லாமலே தமிழ் திறக்கிறது. நம் பகுதியில் வீடுகளிலும் கடைகளிலும் உள்ள விண்டோஸ் கணினிகளில் அது பெரும்பாலும் சிபி1252, அதாவது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக அமைந்த, ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற அட்டவணை. அந்த அட்டவணையின் 256 இடங்களில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்தும் காலியாக விடப்பட்டவை.

யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும், அதாவது யூனிகோடில் தனி எண் பெற்ற ஒவ்வொரு எழுத்தும் குறியும், மூன்று பைட். 'பால்' என்ற சொல்லைப் பைட்டுகளாக்கி லிஸ்டில் போட்டுப் பார்: ப மூன்று, துணைக்கால் மூன்று, ல மூன்று, புள்ளி மூன்று, ஆகப் பன்னிரண்டு. புள்ளியின் மூன்று பைட்டுகள் 224, 175, 141. பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் கடைசிப் பைட்டின் இடம் 11. பிழைச் செய்தி சொன்ன 11-ஆம் இடமும் அதுவே. பதினாறடிமான 8டி என்பது பதின்மத்தில் 141. கோப்பின் முதல் சொல்லில், முதல் புள்ளியிலேயே, அந்த மடிக்கணினி நின்றுவிட்டது. 'பால்' என்பதற்குப் பதில் வேறு சொல்லில் கோப்பு தொடங்கியிருந்தால் பிழை வேறோர் இடத்தில் வந்திருக்கும். புள்ளியே இல்லாமல் நாலு வரி தமிழ் எழுத முடியாது என்பதால் வராமல் இருந்திருக்காது.

2025 ஜூன் 15, காலை 7.05

நேற்றுச் சொன்னதில் இன்னும் கொஞ்சம் உண்டு. புள்ளி மட்டும் அன்று: உகரக் குறியின் கடைசிப் பைட் 129, 'ஏ' என்ற உயிரெழுத்தினுடையது 143, 'ஐ' என்ற உயிரெழுத்தினுடையது 144. சிபி1252-இன் காலி இடங்களில் நான்கு இவற்றால் நிரம்பிவிடுகின்றன. 'மாடு' என்று எழுதினாலும் நிற்கும். 'ஏரி' என்று தொடங்கினாலும் நிற்கும்.

இந்த நான்கும் இல்லாத சொல்லைத் தேடிப் பார்த்தால் 'நிலா' கிடைக்கிறது. அது மட்டுமே உள்ள ஒரு கோப்பைச் சிபி1252 என்று படிக்கச் சொன்னால் பிழையே வராது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', அதன்பின் ஏதோ ஒரு குறி என்று இந்த மூன்றும் மாறி மாறி வரும். 224 அந்த 'ஏ', 174 அந்த 'ஆர்'. பழைய இணையப் பக்கங்களில் இந்த 'ஏ'யும் 'ஆரு'ம் வரிசையாக வரக் கண்டவர்கள் பலர் இருப்பீர்கள். அது யூடிஎஃப்-8 தமிழைச் சிபி1252 என்று நினைத்துப் படித்ததன் அடையாளம், எழுத்து எதுவும் தொலைந்திருக்காது. பிழை வந்து நிற்பது இதைவிட நல்லது என்பது என் கருத்து. நிற்கும் நிரலைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. தவறாகப் படித்த சரத்தைத் திரும்பச் சேமித்துவிட்டால்தான் நல்ல கோப்பும் பாழாகிறது.

2025 ஜூன் 15, காலை 7.30

என்கோடிங்கை எழுதாமல் விடுவதற்கு 'இனிமேல் தேவையில்லை' என்று ஒருவர் காரணம் காட்டியிருக்கிறார். பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 இயல்பான என்கோடிங் ஆகும் என்று பைத்தானின் மாற்றங்களை அறிவிக்கும் ஆவணங்களில் ஒன்றான பெப் 686 முடிவு செய்திருப்பது உண்மை. ஆனால் சேவை மையத்திலும் பள்ளி ஆய்வகத்திலும் இருக்கும் பைத்தான் எந்த ஆண்டினது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. எழுதி வைத்தால் எல்லாப் பதிப்பிலும் ஒன்றாக நடக்கும். எழுதுங்கள்.

2025 ஜூன் 17, இரவு 9.50

நகரியிலிருந்து எழுதியவர் நல்ல ஒன்றைச் சேர்த்திருக்கிறார். அவரிடம் இருப்பது தமிழும் தெலுங்கும் கலந்த ரேஷன் அட்டைப் பெயர்ப் பட்டியல். தெலுங்கு வரியிலும் அதே 8டி பிழைதான் வருகிறது என்கிறார். 'தமிழ்ப் புள்ளியால் வருகிறது என்றால் தெலுங்குக்கு ஏன் வர வேண்டும்?' என்று கேட்கிறார்.

விடை யூனிகோடின் வரலாற்றில் இருக்கிறது. இந்திய மொழிகளுக்கான கட்டங்களை 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்திய எழுத்துக் குறியீட்டு முறையைப் பின்பற்றி வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு மொழிக்கும் 128 இடம், ஒத்த எழுத்துகள் ஒத்த இடத்தில். ஆகவே தமிழ்ப் புள்ளி 224, 175, 141 என்றால், தெலுங்கு விராமம் 224, 177, 141. மலையாளச் சந்திரக்கலை 224, 181, 141. உகரக் குறி மூன்றிலும் 129-இல் முடிகிறது. நடுப் பைட் மட்டுமே மொழியைச் சொல்கிறது: 174-உம் 175-உம் தமிழ், 176-உம் 177-உம் தெலுங்கு, 180-உம் 181-உம் மலையாளம். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இது மிகவும் பயன்படும் செய்தி. எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரியும் வரியும்கூட, பைட்டுகளை லிஸ்டாகப் பார்த்தால் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். கன்சோலில் இரண்டு வரி தட்டினால் போதும். கோப்பை 'ஆர்பி' முறையில் (எழுத்தாக்காமல், பைட்டுகளாகவே) திறந்து முதல் முப்பது பைட்டுகளை வாங்கி லிஸ்டாக்க வேண்டியதுதான்.

2025 ஜூன் 18, காலை 6.40

ஒருவர் 'நோட்பேடில் திறந்து பார்த்தால் முடிந்தது, இதற்கு எதற்குக் கன்சோல்' என்று எழுதியிருக்கிறார். பால் கணக்கைப் படிக்க மட்டும் வேண்டுமானால் நோட்பேட் போதும். கணக்கைக் கூட்டவும், பெயரைத் தேடவும், இரண்டு பட்டியலை ஒப்பிடவும் வேண்டுமானால், நிரல் எதைப் பார்க்கிறதோ அதையே நாமும் பார்த்தாக வேண்டும். நோட்பேட் என்கோடிங்கைத் தானாக ஊகித்துக்கொண்டு காட்டுகிறது.

அதே நோட்பேட் விட்டுச் செல்லும் ஒரு சுவடும் உண்டு. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்கு முன்பு, யூடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தலையில் பாம் எனப்படும் மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிடும். பிரிண்ட் செய்தால் அது கண்ணில் படாது. ரெப்ர் செய்தால் முதல் எழுத்துக்கு முன் பின்சாய்கோடு, 'யூ', அதன்பின் எஃப்இஎஃப்எஃப் என்று தெளிவாக நிற்கும். முழு வரியாக ஒப்பிடும் தேடலில் முதல் வரி மட்டும் அகப்படாமல் போவதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் பைத்தானே அதை நீக்கிவிடும். பாம் இல்லாத கோப்புக்கும் அது தீங்கு செய்யாது. பழைய நோட்பேடில் வெறுமனே 'யூனிகோட்' என்று சேமித்தது யூடிஎஃப்-16. அந்தக் கோப்பை யூடிஎஃப்-8 என்று திறந்தால் பூஜ்ய இடத்தில் எஃப்எஃப் பைட் என்று பிழை வரும்.

2025 ஜூன் 21, மதியம் 2.15

முதல் நாள் பிரிண்டைப் பரிந்துரைத்தேன். இப்போது ரெப்ருக்காகப் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் வாசகசாலையின் நூற்பட்டியல் இரண்டு மொழியில் ஒரே டெக்ஸ்ட் கோப்பாக இருக்கிறது. பல ஆண்டுகளாகப் பலர் சேர்த்து வந்தது. மலையாள ஆசிரியர் ஒருவரின் பெயரைத் தேடினால் அவருடைய நூல்களில் பாதிதான் வந்தது. மீதி கண்ணெதிரே பட்டியலில் இருந்தும் தேடலில் வரவில்லை. பிரிண்ட் செய்தால் இரண்டு வரியிலும் பெயர் ஒரே மாதிரி இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் வித்தியாசம் இல்லை. கன்சோலில் அந்த வரியை வெறுமனே தட்டி என்டர் அழுத்தியபோதுதான் ஒன்றின் இறுதியில் பின்சாய்கோடு, 'யூ', 200டி என்பது வெளிப்பட்டது.

மலையாளத்தில் ன், ர், ல், ள், ண் ஆகியவற்றைச் சில்லெழுத்தாக எழுதுவார்கள். 2008-இல் வந்த யூனிகோட் 5.1 இவற்றுக்குத் தனித்தனிக் குறியீடு தந்தது. அதற்கு முன் மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என்று மூன்றையும் சேர்த்து எழுதினார்கள். எங்கள் பட்டியலில் பழைய முறையும் புதிய முறையும் கலந்து கிடக்கின்றன. திரையில் இரண்டும் ஒரே எழுத்து. நிரலுக்கு வேறு வேறு. அச்சில் வராத குறிகளை ரெப்ர் மறைக்காமல் எழுதிக் காட்டுவதால் மட்டுமே இது பிடிபட்டது. பிரிண்ட் மட்டுமே பழகியவர் இந்தப் பட்டியலை எத்தனை நாள் பார்த்தாலும் காரணத்தைக் கண்டிருக்க மாட்டார்.

ஒரே எழுத்தைப் பல விதமாக எழுதியதை ஒன்றாக்குவதற்கான யூனிகோட் தரப்படுத்தலும் இந்த இரண்டையும் ஒன்றாக்காது, ஏனென்றால் அவை சமமானவை என்று தரம் வரையறுக்கவில்லை. ஆகவே ஐந்து சில்லுக்கும் ரிப்ளேஸ் எழுதித்தான் மாற்றினேன்.

2025 ஜூன் 21, மாலை 6.00

தமிழில் இந்தத் தொல்லை இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு, ஆனால் ரெப்ர் அதைக் காட்டாது. 'கொ' என்பதை ஒகரக் குறியோடு இரண்டு குறியீட்டுப் புள்ளிகளாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று கண்ணுக்குத் தெரியும் துண்டுகளைப் போலவே, க-வுக்குப் பின் கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டு மூன்றாகவும் எழுதலாம். இரண்டும் அச்சாகும் குறிகளே என்பதால் ரெப்ர் இரண்டையும் 'கொ' என்றே காட்டும். லென் கேட்டால் ஒன்று 2 என்னும், மற்றது 3 என்னும். அஸ்கி என்ற சார்பில் போட்டால் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் எண்ணாக விரியும், அங்கே பார்க்கலாம். இதற்கு என்எஃப்சி என்ற வகைத் தரப்படுத்தல் போதும், இரண்டும் ஒன்றாகிவிடும். மலையாளச் சில்லுக்குக் கிடைக்காத வசதி தமிழ்க் கொம்புக்குக் கிடைத்திருக்கிறது.

துணைக்காலுக்குப் பதில் ர எழுத்தைத் தட்டியிருந்தால் எந்தத் தரப்படுத்தலும் உதவாது. அஸ்கியில் பார்த்துக் கையால்தான் திருத்த வேண்டும். கொழிஞ்சாம்பாறை என்ற ஊர்ப்பெயரையே ஒரு பட்டியலில் இப்படி ர போட்டுக் கண்டேன்.

2025 ஜூன் 24, இரவு 10.10

கேட்ட மாணவியின் அடுத்த கேள்வி: 'முதல் தடவை ரீட் கொடுத்தால் வருகிறது, மறுபடி கொடுத்தால் வெறும் இரண்டு மேற்கோள் குறிதான் வருகிறது.'

படித்து முடித்த இடத்திலேயே கோப்பு நிற்கிறது. அதற்குமேல் படிக்க ஒன்றும் இல்லாததால் வெற்றுச் சரம் வருகிறது. சீக் சார்புக்குப் பூஜ்யம் கொடுத்தால் தலைக்குத் திரும்பும். இன்னும் நல்லது, படித்ததை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு கோப்பை மூடிவிடுவது. விண்டோஸில் பைத்தான் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழிக்கப் போனால், அது பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிடும். கன்சோலை நாள் முழுவதும் திறந்தே வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது புரியாத புதிராகத் தோன்றும். பைத்தானோடு வரும் பாத்லிப் தொகுதியில் உள்ள ரீட்_டெக்ஸ்ட் ஒரே வரியில் திறந்து, படித்து, மூடிவிடுகிறது. கன்சோல் வேலைக்கு நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

2025 ஜூன் 24, இரவு 10.35

ஃபார் சுழற்சியில் ஒவ்வொரு வரியாகப் பிரிண்ட் செய்தால் வரிகளுக்கு நடுவே வெற்று வரி விழுகிறது என்று வேறொருவர். வரி தன் முறிவைத் தானே கொண்டுவருகிறது, பிரிண்டும் ஒன்று சேர்க்கிறது. எண்ட் என்பதை வெற்றுச் சரமாகக் கொடுங்கள். பிரிண்டுக்குப் பதில் சிஸ்.எஸ்டிடிஅவுட்.ரைட் போட்டால் கன்சோலில் ஒவ்வொரு வரிக்கும் பின் ஓர் எண் வரும். எழுதிய எழுத்துகளின் எண்ணிக்கை அது. நிரலாக ஓட்டினால் வராது, கன்சோலில் மட்டுமே வரும்.

2025 ஜூன் 28, காலை 8.20

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அச்சகக்காரர். அவருடைய பழைய கோப்பு எல்லா முறையிலும் பிழையின்றித் திறக்கிறது, ஆனால் 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் வருகிறது. அது பாமினி எழுத்துரு. கோப்பில் இருப்பவை உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள்; எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டியது. என்கோடிங்கை மாற்றிப் பயனில்லை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒருமுறை போட்டு எடுத்தபின் கன்சோலுக்கு வாருங்கள், ஐயா. நாளேடுகளும் அச்சகங்களும் சேர்த்து வைத்திருக்கும் தமிழில் எவ்வளவு இப்படி ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கிறது என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. எழுத்துரு தொலைந்தால் அதைப் படிக்கக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போவார்கள்.

2025 ஜூலை 2, இரவு 9.00

ஆர் மொழி பயன்படுத்தும் கல்லூரி மாணவர் ஒருவருக்காக. ரீட்லைன்ஸ் தரும் விடையைக் கன்சோல் மேற்கோள் குறியோடும் வரிசை எண்ணோடும் காட்டும். ரைட்லைன்ஸ் அதையே சுத்தமாகக் காட்டும். பைத்தானில் ரெப்ருக்கும் பிரிண்டுக்கும் உள்ள அதே உறவு. விண்டோஸில் தமிழுக்குப் பதில் கோண அடைப்புக்குள் 'யூ+0பிஏ4' என்பது போல் வந்தால் ஆர் பதிப்பு பழையது என்று பொருள். 2022-இல் வந்த 4.2 முதல், போதுமான அளவு புதிய விண்டோஸில் ஆர் யூடிஎஃப்-8-இலேயே இயங்குகிறது. கடைசி வரியை என்டர் அழுத்தி முடிக்காமல் சேமித்தால் 'கடைசி வரி முழுமையாக இல்லை' என்று எச்சரிக்கும். தரவு எதுவும் போய்விடாது.

நோட் ஜேஎஸ் கன்சோலில் ரீட்ஃபைல்சிங்க் கொடுத்து பஃபர் என்று வருவதாகச் சொன்னவருக்கு: அங்கே என்கோடிங் சொல்லாவிட்டால் பைட்டுகளைத்தான் தரும், ஊகிக்காது. எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது.

2025 ஜூலை 5, மாலை 5.45

எழுத்து சரியாகப் படிக்கப்பட்ட பிறகும் கறுப்புத் திரையில் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடமாகச் சிதறுவது பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். முனையம் (அந்தக் கறுப்புத் திரை) எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்குகிறது. 'கொ' போன்று மூன்று துண்டாகப் பரவும் எழுத்துக்கு அந்த அமைப்பு இடம் தருவதில்லை. சரத்தில் குறை இல்லை. அதையே ஜூபிட்டர் நோட்புக்கில் பிரிண்ட் செய்தால் உலாவி நன்றாக வரைந்துவிடுகிறது. தமிழும் மலையாளமும் கலந்த கோப்பை நான் அங்கேதான் படிக்கிறேன்; சோதிப்பதற்கு மட்டும் முனையம்.

2025 ஜூலை 6, காலை 7.15

மாணவியிடமிருந்து: பொள்ளாச்சி மடிக்கணினியில் என்கோடிங் சேர்த்துத் திறந்தாயிற்று. ஜூன் மாதக் கணக்கைக் கூட்டும்போது இரண்டு நாள் மட்டும் எண்ணாக மாறாமல் பிழை தருகிறதாம். அந்த வரிகளை ரெப்ரில் பார்க்கச் சொன்னேன். ஒரு வரியில் 6.5 என்பதற்குப் பதில் 6-க்கும் 5-க்கும் நடுவே காற்புள்ளி. இன்னொரு வரியில் '7லி' என்று எண்ணோடு ஒட்டி லிட்டரும் சேர்ந்திருக்கிறது. அந்த இரண்டு நாளும் தம்பி எழுதியவையாம்.